கணிப்பொறியின் ஆயுள் யார் கையில்?

தறியின் ஆயுளை அதன் மரமும் பராமரிப்பும் தீர்மானிக்கின்றன. பம்பு செட்டின் ஆயுளைத் தேய்மானம் தீர்மானிக்கிறது. தேய்ந்த உறுப்பை மாற்றிவிட்டால் இரண்டும் மேலும் பல ஆண்டுகள் உழைக்கும். கணிப்பொறியோ இவ்வகையைச் சேர்ந்ததன்று. அதன் உறுப்புகள் யாவும் செவ்வையாக இருக்கும்போதே, கடல் கடந்த ஒரு கம்பெனியின் அறிவிப்பினால் அதன் பயன் குன்றிவிடக்கூடும். புதிய கணிப்பொறி வாங்க உத்தேசித்துள்ள அங்கத்தினர்களும் சங்க நிர்வாகிகளும் இவ்வுண்மையை முதலில் உணர்ந்துகொள்ளுதல் நலம். புதிய யந்திரங்களில் மிக்க ஆர்வமுடைய ஒருவன் இதை எழுதுகிறேன். ஆர்வம் வேறு, கணக்கு வேறு என்பதே இக்கட்டுரையின் சாரம்.

தறியும் அட்டையும்

நெசவாளருக்குக் கணிப்பொறியின் தத்துவம் புதியதன்று. 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சு நாட்டைச் சேர்ந்த ஜக்கார்டு என்பவர், துளையிட்ட அட்டைகளைக் கொண்டு பாவு நூல்களை உயர்த்தும் அமைப்பை உருவாக்கினார். அட்டையை மாற்றினால் பூவேலை மாறும்; தறி மாறாது. இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் தாம் வகுத்த கணக்கிடும் யந்திரத்துக்கு இந்த அட்டை முறையையே மேற்கொண்டார். தறியின் இடத்தில் இருப்பது வன்பொருள். அட்டையின் இடத்தில் இருப்பது மென்பொருள்.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ஜக்கார்டு அட்டையை நெசவாளர் தாமே அடித்துக்கொள்ளலாம். வேறொருவரிடம் அடித்து வாங்கவும் செய்யலாம். இன்றைய கணிப்பொறிகளில் பெரும்பாலானவற்றுக்கு அட்டையைத் திருத்தும் அதிகாரம் ஒரே கம்பெனியிடம் உள்ளது. அக்கம்பெனி கை விரித்தால் தறி நன்றாயிருந்தும் பயனில்லை.

2025 அக்டோபரில் நடந்தது

மைக்ரோசாஃப்ட் கம்பெனி விண்டோஸ் 10 என்னும் இயக்க மென்பொருளை 2015 ஜூலையில் வெளியிட்டது. 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு அதற்குரிய வழக்கமான பராமரிப்பை நிறுத்திக்கொண்டது. அன்றோடு அந்தக் கணிப்பொறிகள் நின்றுவிடவில்லை, முன்போலவே இயங்கின. நின்றுபோனவை பாதுகாப்புத் திருத்தங்களேயாகும். வேலியில் துளை விழுவதும் அதைக் கண்டுபிடித்து அடைப்பதும் ஓயாத வேலை. அடைப்பவர் விலகிய பிறகு விழும் துளைகள் திறந்தே கிடக்கும். அங்கத்தினரின் பெயர், வங்கிக் கணக்கு, கடன் நிலுவை ஆகியவற்றை வைத்திருக்கும் கணிப்பொறிக்கு இது சிறு விஷயமன்று. வீட்டு உபயோகத்தினருக்கு 2026 அக்டோபர் 13 வரை ஓராண்டுக் கூடுதல் பாதுகாப்பு அளிப்பதாக அக்கம்பெனி அறிவித்தது. அது தவணை நீட்டிப்பேயன்றித் தீர்வு அன்று.

விண்டோஸ் 11-க்கு மாறிவிடலாமே என்று கேட்கலாம். 2021 அக்டோபரில் வெளிவந்த அம்மென்பொருள், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பையும் குறிப்பிட்ட தலைமுறைச் சில்லுகளையும் கட்டாயமாக்கியது. இன்டெல் சில்லுகளில், ஒரு சிலவற்றைத் தவிர, எட்டாம் தலைமுறைக்கு முற்பட்டவை ஏற்கப்படவில்லை. எட்டாம் தலைமுறை 2017-ல்தான் சந்தைக்கு வந்தது. ஆகவே, 2016-ல் நல்ல விலை கொடுத்து வாங்கிய கணிப்பொறி, பழுதேதும் இன்றியே ஒதுக்கப்பட்டது.

இவ்வாறு ஒதுக்கப்படுபவை எங்கே போகின்றன? 2022-ம் ஆண்டில் மட்டும் உலகில் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் கழிவு சேர்ந்ததாக ஐக்கிய நாடுகள் சபையின் சார்பில் வெளிவந்த அறிக்கை கூறுகிறது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22 சதவிகிதத்தை ஒட்டியதே.

புதியவற்றின் மெய்யான நன்மைகள்

புதிய யந்திரங்களில் நன்மையே இல்லை என்று கூறுவது நியாயமன்று. 2020 நவம்பரில் ஆப்பிள் கம்பெனி வெளியிட்ட எம்1 சில்லு, குறைந்த மின்சாரத்தில் மிகுந்த வேலை செய்ய இயலும் என்பதை மெய்ப்பித்தது. பாட்டரி நெடுநேரம் தாங்குவது, மின்தடை மிகுந்த ஊர்களில் உண்மையான சௌகரியமாகும். ஆயினும் அதே யந்திரத்தில் நினைவகம் சில்லோடு சேர்த்தே அமைக்கப்பட்டுள்ளது. பின்னர் அதைக் கூட்ட வழியில்லை. வாங்கும் நாளில் போதாதது என்றும் போதாததே.

2024-ல் மைக்ரோசாஃப்ட் 'கோபைலட் பிளஸ்' என்னும் புதிய வகைக் கணிப்பொறிகளை அறிமுகம் செய்தது. செயற்கை நுண்ணறிவு வேலைகளுக்கென்று வினாடிக்கு 40 லட்சம் கோடி கணக்குகளாவது போடவல்ல தனிச் சில்லு அவற்றில் இருத்தல் வேண்டும். வியக்கத்தக்க சாதனைதான். ஆனால் வரவு செலவு எழுதவும், கடிதம் தயாரிக்கவும், வலைத்தளத்தில் படிவம் நிரப்பவும் அச்சில்லு தேவையில்லை. இவ்வகையோடு அறிவிக்கப்பட்ட 'ரீகால்' என்னும் வசதி, திரையில் தோன்றுவதை அவ்வப்போது படமெடுத்துச் சேமிப்பது. அந்தரங்கம் பற்றிய கண்டனம் எழவே தள்ளிவைக்கப்பட்டு, 2025-ல் பயனாளர் விரும்பினால் மட்டும் இயங்கும்படி வெளிவந்தது. பிறருடைய கணக்கு விவரங்கள் உள்ள சங்கக் கணிப்பொறியில் அதை இயக்காதிருப்பதே விவேகம்.

இந்தப் புதிய ஆர்வத்தின் விலையை நாமும் கொடுக்க நேர்ந்தது. பெரிய ஆலைகள் நூலை மொத்தமாகக் கொள்முதல் செய்தால் சிறு நெசவாளருக்கு விலை ஏறுவதை நாம் அறிவோம். அவ்வாறே செயற்கை நுண்ணறிவு நிலையங்கள் நினைவகச் சில்லுகளைப் பெருமளவில் வாங்கத் தொடங்கவே, 2025-ம் ஆண்டின் பிற்பகுதியில் சில்லறைச் சந்தையில் அவற்றின் விலை கடுமையாக ஏறிற்று.

பழையதற்கு உயிரூட்டல்

பழைய கணிப்பொறி மந்தமாவதற்குப் பெரும்பாலும் சுழலும் ஹார்டு டிஸ்க்கே காரணம். அதை நீக்கிவிட்டுச் சுழலும் பாகமற்ற எஸ்.எஸ்.டி. பொருத்தினால் வேகம் வியக்கத்தக்க அளவில் கூடும். நான்கு ஜி.பி. நினைவகத்தை எட்டாக உயர்த்த இடமிருந்தால், அன்றாட அலுவல்களுக்கு அது போதுமானது.

மென்பொருளுக்கும் மாற்று வழி உண்டு. 1991-ல் பின்லாந்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், இன்று உலகெங்குமுள்ள ஆயிரக்கணக்கானோரின் கூட்டு உழைப்பால் வளர்ந்துள்ளது. அதன் மூலநிரல் எல்லோருக்கும் திறந்தது. யாரும் திருத்தலாம், பகிரலாம். கூட்டுறவாளருக்கு இம்முறை அந்நியமாகத் தோன்றாது. உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்ற வடிவங்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. விண்டோஸ் 11 ஏற்காத கணிப்பொறிகள் பலவற்றில் அவை செவ்வனே இயங்குகின்றன. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் 'பாஸ்' என்னும் லினக்ஸ் வடிவத்தை இந்திய மொழிகளுக்கென உருவாக்கியது. ஆனால் ஒன்றை மறைத்தல் ஆகாது: கணக்கு மென்பொருள்கள் சில விண்டோஸில் மட்டுமே இயங்கும். மாறுமுன் நமது வேலைக்குரிய மென்பொருள் அதில் இயங்குமா என்று சோதித்தறிவதும், பதிவேடுகளின் பிரதியைத் தனியே எடுத்து வைப்பதும் இன்றியமையாதன.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

புதியது வாங்கியே தீரவேண்டுமாயின், வேகத்தைக் கேட்குமுன் நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும். இதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் எந்த ஆண்டு வரை கிடைக்கும்? நினைவகத்தையும் சேமிப்பகத்தையும் பின்னர் மாற்ற இயலுமா? பாட்டரியும் உதிரிப் பாகங்களும் எத்தனை ஆண்டுகள் கிடைக்கும்? பழுது பார்ப்பவர் அருகில் உண்டா?

இவை அதிகப்படியான கேள்விகள் அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், கைபேசிகளுக்கு விற்பனை முடிந்தபின் குறைந்தது ஐந்தாண்டு மென்பொருள் திருத்தமும், ஏழாண்டு உதிரிப் பாகமும் தரவேண்டும் என்பது சட்டம். 2023-ல் கூகுளும் 2024-ல் சாம்சங்கும் தம் உயர்ரகக் கைபேசிகளுக்கு ஏழாண்டுத் திருத்தம் தருவதாக முன்வந்தன. கேட்டால் கிடைக்கும் என்பதற்கு இவை சான்று.

நமது நாட்டில் 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க 2,516 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அரசு 2022 ஜூனில் ஒப்புதல் அளித்தது. பொதுப் பணத்தில் வாங்கும் யந்திரங்கள் சில ஆண்டுகளிலேயே பயனற்றுப் போனால் நட்டம் அங்கத்தினருடையதே. தனி ஒருவர் கேட்டால் விற்பவர் சிரித்து மழுப்பலாம். பல சங்கங்கள் சேர்ந்து, "திருத்தம் கிடைக்கும் ஆண்டை எழுத்தில் தருக, அன்றேல் வாங்கோம்" என்று கேட்டால் பதில் கூறியே தீரவேண்டும். நூலையும் உரத்தையும் ஒன்றுசேர்ந்து கொள்முதல் செய்து பழகிய நமக்கு அந்த வலிமை உண்டு. அடுத்த கணிப்பொறியை வாங்கும்போது அதைப் பயன்படுத்துவோமாக.