கால் தரையில் இருக்கும்போதே: பாராமோட்டாரில் பறக்க விரும்புவோர் அறியவேண்டியவை

தேராவின் அபு ஹைல், ஹோர் அல் அன்ஸ் பகுதிகளில் குடியிருக்கும் நம்மவருக்கு ஆகாயம் தூரத்துப் பொருளன்று. துபாய் சர்வதேச விமான நிலையம் அவ்வளவு சமீபத்தில் இருப்பதால், மாடியில் துணி உலர்த்தும் வேளையிலும் சக்கரங்களை இறக்கிக்கொண்டு தாழ்ந்து செல்லும் பெரிய விமானங்களை அன்றாடம் காண்கிறோம். குளிர்காலம் பிறந்ததும், விடுமுறை நாளில் நண்பர்களோடு பாலைவனத்துக்குப் போய், முதுகில் யந்திரத்தைக் கட்டிக்கொண்டு வண்ணக் குடையின் கீழ் மணல்மேடுகளைத் தாண்டிச் செல்பவரைக் கண்ட மாத்திரத்தில், தாமும் ஒருமுறை அப்படி ஏறிப் பார்க்கவேண்டும் என்னும் ஆசை பலருக்கு உண்டாகிறது. அந்த ஆசையில் குற்றம் ஏதும் இல்லை. ஆனால், யாரோ பயன்படுத்திவிட்ட குடையையும் யந்திரத்தையும் விளம்பரம் பார்த்து மலிவாக வாங்கி, தெரிந்தவர் ஒருவர் சொல்லிக்கொடுத்த அரைகுறைப் பாடத்தோடு ஓடத் துணிகிறவருக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாகவேண்டும்: ஆகாயத்தில் நேரும் விபத்துக்கு வித்து பெரும்பாலும் தரையிலேயே ஊன்றப்பட்டுவிடுகிறது; அதைக் களைவதற்கான அவகாசமும் தரையில்தான் இருக்கிறது.

பாராமோட்டார் என்பது இருபது முதல் முப்பது கிலோ வரை எடையுள்ள சிறு பெட்ரோல் யந்திரத்தையும், ஏறத்தாழ ஒன்றேகால் மீட்டர் விட்டமுள்ள விசிறியையும் முதுகில் சுமந்து, இருபது சதுரமீட்டருக்கு மேற்பட்ட நைலான் குடையின் கீழ் பறக்கும் சாதனம். 2015 டிசம்பரில் துபாயில் உலக வான் விளையாட்டுப் போட்டிகள் நடந்தபோது இதுவும் ஒரு பந்தயப் பிரிவாக இடம்பெற்றது. முறையாகப் பயின்றவருக்கு இது உன்னதமான ஆனந்தத்தைத் தருவது உண்மையே. ஆயினும், 2012 அக்டோபர் 14 அன்று ஏறத்தாழ 39 கிலோமீட்டர் உயரத்திலிருந்து குதித்துப் பத்திரமாகத் தரை சேர்ந்த ஆஸ்திரிய வீரர் பீலிக்ஸ் பாம்கார்ட்னர், 2025 ஜூலை 17 அன்று இத்தாலியில் பாராமோட்டார் விபத்தில் உயிரிழந்தார் என்பதை நினைக்கும்போது, துணிச்சலும் அநுபவமும் மட்டுமே ஒருவரைக் காக்கப் போதா என்பது விளங்கும்.

முதலில் அனுமதி

அமீரகத்தில் வான்வெளி முழுவதும் அரசின் கட்டுப்பாட்டில் உள்ளது. பொது சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் நாடு முழுமைக்கும், துபாய் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் இந்த எமிரேட்டுக்கும் பொறுப்பானவை. வான் விளையாட்டுகளுக்கெனத் தனிக் கூட்டமைப்பும் உண்டு. பயிற்சியும் உரிமமும் பெற்றவர், அங்கீகரிக்கப்பட்ட இடத்தில், அனுமதிக்கப்பட்ட நேரத்தில் மட்டுமே பறக்கலாம். அல் மம்ஸார் கடற்கரை வீட்டுக்குப் பக்கம் என்பதற்காகவோ, மணற்பரப்பு விசாலமாக இருக்கிறது என்பதற்காகவோ அங்கே குடையை விரிப்பது, நூற்றுக்கணக்கானோரைச் சுமந்து இறங்கும் விமானத்தின் பாதையருகே போய் நிற்பதற்குச் சமானம். 2016 ஜூனில், அனுமதியின்றிப் பறந்த ஓர் ஆளில்லா வானூர்தியின் காரணமாகத் துபாய் விமான நிலையமே ஒரு மணி நேரத்துக்குமேல் மூடப்பட்டது என்பதை எண்ணிப் பார்த்தால், இதன் தீவிரம் புலப்படும்.

அனுமதி என்பது ஒருமுறை பெற்றால் என்றென்றும் செல்லுபடியாவதும் அன்று. 2022 ஜனவரி 22 முதல் ஆளில்லா வானூர்திகளும் இலகு விளையாட்டு விமானங்களும் பறப்பதை உள்துறை அமைச்சகம் நிறுத்திவைத்தபோது, நேற்றுவரை சட்டத்துக்கு உட்பட்டிருந்த பறத்தல் மறுநாளே குற்றமாயிற்று. ஆகவே, ‘போன வருஷம் பறந்தோமே’ என்னும் ஞாபகத்தை நம்பாமல், அன்றைய நிலையை அந்தக் கூட்டமைப்பினிடம் கேட்டறிவது அவசியம். வேலை விசாவில் வந்திருப்பவருக்கு ஒரு வழக்கு என்பது அபராதத்தோடு நிற்பதில்லை; வேலையும், தங்கும் உரிமையும், ஊரில் அந்த வருமானத்தை நம்பியிருக்கும் குடும்பமும் ஒருங்கே ஆட்டங்காணும்.

யந்திரமும் விசிறியும்

இந்த விளையாட்டில் மிகக் கொடிய காயங்களுள் ஒன்று, பறக்கத் தொடங்குவதற்கு முன்பே, யந்திரத்தை இயக்கும்போது நேர்கிறது. 1995 முதல் 2012 வரை பதிவான 384 சம்பவங்களை ஆராய்ந்து ‘பி.எம்.ஜே. ஓப்பன்’ மருத்துவ இதழ் 2014இல் வெளியிட்ட ஆய்வில், அடிபட்ட அங்கங்களில் கைகளே முதலிடம் பெற்றன. சுழலும் விசிறியில் கை படுவது அதற்கு ஒரு முக்கிய காரணம். விசையைக் கூட்டும் திராட்டிலின் கம்பி சிக்கித் திறந்த நிலையில் இருக்கும்போது கயிற்றை இழுத்து யந்திரத்தை உயிர்ப்பித்தால், அது ஒரே கணத்தில் முழு வேகத்தில் சீறி, எதிரே நிற்பவர்மீது பாயும். அதைத் தடுக்க நீளும் கை, கூண்டின் வலையையும் தாண்டி விசிறிக்குள் போய்விடும்.

ஆதலால், இயக்குமுன் திராட்டில் தானாகவே மூடுகிறதா, யந்திரத்தை அணைக்கும் கில் ஸ்விட்ச் வேலை செய்கிறதா, விசிறியில் விரிசலோ அதன் போல்ட்டுகளில் தளர்ச்சியோ உண்டா, கூண்டும் வலையும் முழுமையாக உள்ளனவா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கவேண்டும். விசிறி சுழலும் தளத்துக்கு நேராக எவரும் நிற்கலாகாது. உதவிக்கு வந்த நண்பரும் படம் பிடிப்பவரும் முன்பக்கமாகத் தொலைவில் விலகி நிற்பதே முறை. இரண்டு ஸ்ட்ரோக் யந்திரமாகையால் பெட்ரோலில் எண்ணெயைத் தயாரிப்பாளர் சொன்ன விகிதத்தில் கலக்கவேண்டும்; கலவை தவறினால், மேலேறும் வேளையில் யந்திரம் இறுகி நின்றுவிடும். மேலும், நாயிஃபிலும் முரக்கபாத்திலும் ஒரே அறையில் எட்டுப் பத்துப் பேராகத் தங்கியிருப்போர், பெட்ரோல் கேனை பால்கனியிலோ கட்டிலின் அடியிலோ வைப்பதும், வெயிலில் நிற்கும் காரில் விட்டுவைப்பதும், பறக்கவே நினையாத மற்றவர்களின் உயிரையும் பணயம் வைக்கும் காரியமாகும்.

குடையும் வாரும் காற்றும்

குடையின் நைலான் துணி வெயிலாலும் மணலாலும் நாளடைவில் வலுவிழந்து, காற்றைக் கசியவிடும். கண்ணுக்குப் புதிதுபோலத் தோன்றும் குடைகூட உள்ளுக்குள் நைந்திருக்கக்கூடும். ஆகவே, பழைய குடையை வாங்குகிறவர், தகுதியுள்ள நிலையத்தில் துணியின் காற்றுக்கசிவும் கயிறுகளின் வலுவும் பரிசோதிக்கப்பட்டதற்கான அத்தாட்சியைக் கேட்டுப் பெறவேண்டும். அத்துடன், அந்தக் குடை தம் உடல் எடையும் யந்திரத்தின் எடையும் சேர்ந்த பாரத்துக்கு உரியதுதானா என்றும் பார்க்கவேண்டும்.

அதனினும் எளிய ஒரு பரிசோதனை பலரால் மறக்கப்படுகிறது. தொடைவார்களை மாட்டாமலே மார்புவாரை மட்டும் பூட்டிக்கொண்டு ஓடியவர், தரையைவிட்டு எழும்பியபின் அக்குள்களில் தொங்கும் நிலைக்கு வந்துவிடுவார். அங்கிருந்து மீள்வது மிகக் கடினம். யந்திரத்தை முதுகில் ஏற்றியதும் முதல் வேலையாகத் தொடைவார்களைப் பூட்டி, இறங்கியபின் கடைசியாக அவற்றை அவிழ்ப்பது தேர்ந்தவர்களின் பழக்கம். ஓடுமுன் இடத்தொடை, வலத்தொடை, மார்பு, இரு தோள்களின் காராபைனர் கொக்கிகள், தலைக்கவசம், அவசரப் பாராசூட்டின் ஊசி என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கைவிரலால் ஒவ்வொரு பூட்டையும் இழுத்துப் பார்ப்பதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது.

காற்று எஜமானன்; அதன் மனோநிலையை அறியாமல் புறப்படலாகாது. சூரியோதயத்தை ஒட்டிய நேரமும் அஸ்தமனத்துக்கு முந்திய நேரமுமே இந்நாட்டில் உகந்தவை. வெயில் ஏற ஏற மணல் கொதித்து, வெப்பக்காற்று தூண்தூணாக எழும்பிக் குடையை மடக்கிப்போடும்; பிற்பகலில் கடற்காற்று வலுக்கும்; ஷமால் என்னும் வடமேற்குக் காற்று வீசும் நாளில் குடையை விரிப்பதே தவறு. குளிர்காலத்து அதிகாலையிலோ மூடுபனி கண்ணை மறைக்கும். ஒரு குச்சியில் ரிப்பன் கட்டி நட்டு, அது சீராக ஆடுகிறதா, திடீர் திடீரென்று திசை மாறுகிறதா என்று சற்று நேரம் பொறுமையாகக் கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

எழும்பும் வேளை

குடையை வில்போல் வளைத்து, காற்றறைகளின் வாய் மேல்நோக்கி இருக்குமாறு விரித்து, கயிறுகளில் முடிச்சோ முள்ளோ சிக்கியிருக்கவில்லை என்பதை உறுதிசெய்தபின், காற்றை எதிர்நோக்கி நின்று ஓடத் தொடங்கவேண்டும். குடை தலைக்குமேல் நேராக வந்து நிலைத்ததைக் கண்ணால் கண்ட பிறகே யந்திரத்துக்கு முழு விசை கொடுக்கவேண்டும்; பயிலாதவர் இந்த வரிசையை மாற்றி, விசையை முதலில் கொடுத்து, எழாத குடையை இழுத்துக்கொண்டு முகங்குப்புற விழுகிறார். குடை கோணலாக எழுந்தால் செய்யவேண்டியது ஒன்றே: உடனே யந்திரத்தை அணைப்பது. அணைக்காமல் தயங்கினால் கயிறுகள் விசிறிக்குள் இழுக்கப்படும். கால் தரையை விட்டதும் ஆசனத்தில் உட்கார அவசரப்படுவது மற்றொரு பிழை. நன்கு உயரம் ஏறும்வரை, மறுபடி ஓடத் தயாராக இருப்பவர்போல் கால்களைக் கீழே வைத்திருக்கவேண்டும். தாழ்ந்த உயரத்தில் கூர்மையாகத் திரும்புவதும், மின்கம்பிகளுக்கு அருகே போவதும் கூடாது.

நீரின்மேல் பறப்பது தனி அபாயம். 2020 அக்டோபரில் கர்நாடகத்தின் கார்வார் கடற்கரையில் பாராமோட்டார் ஒன்று கடலில் விழுந்து, அதில் பயணியாகச் சென்ற கடற்படை அதிகாரி ஒருவர் உயிரிழந்தார். யந்திரத்தின் பாரமும் கயிறுகளின் சிக்கலும் சேர்ந்தால், கடலோடு பழகியவருக்கும் நீச்சல் கைகொடுப்பதில்லை. தானாக உப்பும் மிதவை இல்லாதவர் கடலையும் கழிமுகத்தையும் விட்டு விலகியே பறக்கவேண்டும்.

உரிமைகளும் பரிகாரங்களும்

கட்டணம் செலுத்திப் பயணியாக ஏறுபவர், அமீரகத்தின் 2020ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி பாதுகாப்பான சேவைக்கு உரியவர். நிறுவனத்தின் அனுமதி, ஓட்டுநர் பயணியோடு பறக்கத் தகுதி பெற்றதற்கான சான்று, காப்பீடு ஆகியவற்றைக் கேட்க அவருக்கு முழு உரிமை உண்டு; கேட்டதற்கு முகஞ்சுளிக்கும் இடத்தில் ஏறாதிருப்பதே விவேகம். ‘எது நேர்ந்தாலும் நானே பொறுப்பு’ என்று எழுதிய தாளில் கையொப்பமிட்டுவிட்டோமே என்று பாதிக்கப்பட்டவர் மனமுடைந்து மௌனமாயிருக்கவேண்டியதில்லை. தீங்கு விளைவித்த செயலுக்கான பொறுப்பிலிருந்து விலக்கு அளிக்கும் நிபந்தனை செல்லாது என்று 1985ஆம் ஆண்டின் சிவில் பரிவர்த்தனைச் சட்டம் தன் 296ஆம் விதியில் வகுத்தது. நஷ்டஈட்டுக்குக் காலவரையறை உண்டாகையால், வழக்கறிஞரைத் தாமதமின்றி அணுகவேண்டும்.

காப்பீட்டு விஷயத்தில் விசேஷ ஜாக்கிரதை தேவை. கம்பெனி எடுத்துக்கொடுக்கும் மருத்துவக் காப்பீட்டின் விலக்குப் பட்டியலில் வான் விளையாட்டுகள் அடங்கியிருப்பது சாதாரணம். அப்படியானால் ஆஸ்பத்திரிச் செலவு முழுவதும் தம் தலையில் விழும். விடுமுறை நாளில் நேர்ந்த காயம் வேலைக் காயமாகாது. 2021ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டப்படி, சோதனைக்காலம் முடித்தவருக்கு ஆண்டுக்கு 90 நாள் நோய் விடுப்பு உண்டென்றாலும், அதில் முதல் 15 நாளுக்கே முழுச் சம்பளமும், அடுத்த 30 நாளுக்குப் பாதிச் சம்பளமும் கிடைக்கும். எஞ்சிய 45 நாளுக்கு ஒன்றுமில்லை. மாறாக, பாலைவன முகாம்களில் உதவியாளராகப் பணிபுரியும் நம்மவர் ஒருவருக்கு விசிறியால் அடிபட்டால் அது வேலைக் காயமே. சிகிச்சைச் செலவையும், ஆறு மாதம் வரை முழுச் சம்பளத்தையும் முதலாளி தரக் கடமைப்பட்டவர்.

விபத்து நேர்ந்தால் காவல்துறைக்கு 999, ஆம்புலன்ஸுக்கு 998. போலீஸ் அறிக்கை, மருத்துவ அறிக்கை, பணம் கட்டிய ரசீது, கைப்பேசிச் செய்திகள் ஆகிய நான்கையும் பத்திரப்படுத்தவேண்டும். இந்தியக் குடிமக்கள் 80046342 என்னும் இலவச எண்ணில் பிரவாசி பாரதிய சஹாயதா கேந்திரத்தின் ஆலோசனையைப் பெறலாம்.

இவை யாவற்றினும் பெரிய உரிமை ஒன்று உண்டு: ‘இன்று வேண்டாம்’ என்று சொல்லும் உரிமை. காற்று சரியில்லை, வார் தளர்ந்திருக்கிறது, மனம் ஒப்பவில்லை என்று தோன்றினால், கட்டிய பணமும் கூட வந்தவரின் கேலியும் நம்மைத் தள்ளிக்கொண்டு போக இடங்கொடுக்கலாகாது. கால் தரையில் இருக்கும்வரை அந்த உரிமை முழுமையாக நம் கையில் இருக்கிறது. அதைப் பிரயோகிக்கத் துணிந்தவரே பறக்கவும் தகுதியானவர்.