மின்சாரக் கார்: வாங்குமுன் கணக்கிடுவோம்

மின்சாரக் கார் வாங்கலாமா என்று அங்கத்தினர் பலர் நம்மை வினவுகின்றனர். புகையில்லை, இரைச்சலில்லை, ஓட்டும் செலவும் குறைவு. இவை யாவும் மெய்யே. ஆயினும், தறி வாங்குமுன் நூல் கிடைக்குமா, பழுது பார்க்க ஆள் உண்டா என்று விசாரிப்பது போல இதனையும் விசாரிப்பது நலம்.

30 யூனிட் கொள்ளும் பாட்டரியை 15 ஆம்பியர் பிளக்கில் நிரப்ப ஏறக்குறைய 10 மணி நேரமாகும். ஆகவே இரவில் வண்டி நிற்கச் சொந்த இடமும், எர்த்து செவ்வையாயுள்ள தனி ஒயரிங்கும் இன்றியமையாதன. தெருவோரம் நிறுத்துவோர்க்கு இவ்வண்டி தொல்லையே.

மின்சாரம் எந்த இணைப்பிலிருந்து வருகிறது என்பதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் பம்புசெட்டுக்கும் தறிக்கும் சர்க்கார் தரும் சலுகை மின்சாரம் அவ்வத் தொழிலுக்கே உரியது. அதில் காரை இணைப்பது 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவின்படி அனுமதியற்ற உபயோகம். இருமடங்குக் கட்டணம் விதிக்கப்படும். வீட்டு இணைப்பிலோ, யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் ஓடுமெனக் கொண்டால், மாதம் 700 கிலோமீட்டருக்கு 100 யூனிட் கூடும். இரு மாதப் பட்டியலில் அது 200 யூனிட்டாகி, கட்டண வீதமும் உயரக்கூடும்.

பாட்டரியே வண்டி விலையில் பெரும்பங்கு. ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் கொள்ளளவு குறையும். உத்தரவாதம் பெரும்பாலும் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர். நிபந்தனைகளைப் படித்த பின்னரே கையொப்பமிடுக.

தினமும் சந்தைக்கும் சங்கத்திற்குமாக 40, 50 கிலோமீட்டர் சென்று இரவில் வீடு திரும்புவோர்க்கு இவ்வண்டி ஏற்றது. ஜவுளிக் கட்டுகளுடன் திடீரெனத் தொலைதூரம் புறப்படுவோர், வழியிலுள்ள மின்னேற்று நிலையங்களை அறிந்த பின் முடிவு செய்வார்களாக. கடன் மனு எழுதுமுன் கணக்கை எழுதிப் பார்ப்போம்.