மிதிவண்டி நடு அச்சு

மிதிவண்டி நடு அச்சு என்பது மிதிவண்டிச் சட்டகத்தின் அடிப்பகுதியில் இரண்டு கிராங்குகளையும் (மிதிகட்டை பொருத்தப்படும் கைகள்) இணைத்துச் சுழலச் செய்யும் உறுப்பு ஆகும். பழுது பார்க்கும் கடைகளில் இது பி.பி. அச்சு என்றும், இதனுடன் சேர்ந்த உறுப்புகளின் தொகுதி பி.பி. செட் என்றும் அழைக்கப்படுகின்றது. பி.பி. என்பது பாட்டம் பிராக்கெட் என்பதன் சுருக்கம் ஆகும். பழைய மிதிவண்டிகளில் இத்தொகுதியின் உறுப்புகள் அனைத்தையும் தனித்தனியே மாற்றலாம். இவை பொருந்தியிருக்கும் சட்டகக் கூட்டை அவ்வாறு எளிதில் மாற்ற இயலாது. தேய்ந்த குண்டுகளை உரிய காலத்தில் மாற்றுவதன் முதன்மையான நோக்கம் இக்கூட்டைக் காப்பதே ஆகும்.

பின்னணி

இந்தியாவின் கனரக மிதிவண்டிகள் பிரித்தானிய ரோட்ஸ்டர் வகையைப் பின்பற்றி உருவானவை. சென்னையை அடுத்த அம்பத்தூரில் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனமும் இணைந்து 1949 இல் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கின. எர்குலிசு, பி.எஸ்.ஏ. ஆகியவை இதன் புகழ்பெற்ற வணிகப் பெயர்கள். இத்தகைய பழைய மிதிவண்டிகளில் கிராங்குகள் அச்சுடன் காட்டர் எனப்படும் ஆப்பு வடிவ ஆணியால் இணைக்கப்பட்டிருக்கும்.

அமைப்பு

அச்சின் இரு புறமும் குண்டுகள் உருளுவதற்கான தடங்கள் உள்ளன. சட்டகக் கூட்டின் இரு வாய்களிலும் கப்பு எனப்படும் கிண்ணங்கள் மரையால் பொருத்தப்படுகின்றன. அச்சுக்கும் கிண்ணத்துக்கும் இடையே பொதுவாகப் பக்கத்துக்கு 11 வீதம், 1/4 அங்குல (6.35 மி.மீ.) எஃகுக் குண்டுகள் இடப்படுகின்றன. வலது கிண்ணம் இறுக்கமாக நிலைத்திருக்கும். இடது கிண்ணத்தைத் திருகி இறுக்கத்தைச் சரிசெய்து, பூட்டு வளையத்தால் நிலைப்படுத்துவர்.

பிரித்தானிய முறையில் கிண்ணத்தின் மரை 1.37 அங்குல விட்டமும், அங்குலத்துக்கு 24 இழைகளும் கொண்டது. பழைய ராலே மிதிவண்டிகளில் 26 இழைகள் காணப்படுகின்றன. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தா. எனவே புதிய கிண்ணம் வாங்கும்போது பழையதையும் எடுத்துச் செல்வது நல்லது.

மரையின் திசை

இம்முறையில் வலது கிண்ணத்தில் இடது மரையும், இடது கிண்ணத்தில் வழக்கமான வலது மரையும் உள்ளன. குண்டுகள் உருளும்போது கிண்ணம் அச்சு சுழலும் திசைக்கு எதிராகச் சிறிது சிறிதாக நகர முற்படும். மேற்கூறிய அமைப்பில் அந்நகர்வு கிண்ணத்தை இறுக்கவே செய்கிறது. இதனால் வலது கிண்ணத்தைக் கழற்றக் கடிகார முள் செல்லும் திசையில் திருக வேண்டும். இதனை அறியாமல் எதிர்த்திசையில் வலுவாகத் திருகினால் கூட்டின் மரை சிதையக்கூடும். மிதிகட்டைகளில் இது நேர்மாறானது. அங்கு இடது மிதிகட்டையில்தான் இடது மரை உள்ளது.

தேய்மானம்

கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. கல்வராயன் மலையில் தோன்றும் கோமுகி ஆறு பாயும் இப்பகுதியில் நெல், கரும்பு வயல்கள் மிகுதி. ஈரமான வயல் பாதையில் செல்லும் மிதிவண்டியின் நடு அச்சு, தரைக்கு அருகில் இருப்பதால் சேற்றுக்கும் நீருக்கும் எளிதில் இலக்காகிறது. பற்சக்கர மாற்றமில்லாத வண்டியில் மலையடிவார ஏற்றங்களை எழுந்து நின்று மிதித்து ஏறும்போது, உடல் எடை முழுவதும் இவ்வச்சின்மீது விழுகிறது.

நீர் புகுந்தால் கிரீஸ் கழுவப்பட்டுக் குண்டுகள் துருப்பிடிக்கும். துருவேறிய குண்டுகள் அச்சின் தடத்திலும் கிண்ணத்திலும் குழிகளை உண்டாக்கும். ஆட்டம் கண்ட கிண்ணத்துடன் தொடர்ந்து ஓட்டினால், இறுதியில் கூட்டின் மரையே அழியும். வடகிழக்குப் பருவமழைக்குப் பின்னர் ஒருமுறை அச்சைக் கழற்றித் துப்புரவு செய்வது இத்தொடர் தேய்மானத்தைத் தடுக்கும்.

ஆட்டத்தை அறிய, கிராங்கைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு கிராங்குகளும் சேர்ந்து அசைந்தால் பழுது கிண்ணத்திலோ குண்டுகளிலோ உள்ளது. ஒன்று மட்டும் அசைந்தால் பெரும்பாலும் அதன் காட்டர் தளர்ந்திருக்கும்.

மாற்றும் முறை

1. காட்டரின் நட்டை, ஆணியின் முனையோடு சமமாகும் வரை மட்டும் தளர்த்த வேண்டும். கிராங்கின் அடியில் இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்து, நட்டின்மீது சுத்தியலால் அடிக்க வேண்டும். முட்டு இல்லாவிட்டால் அடியின் அதிர்ச்சி குண்டுகளையும் கிண்ணங்களையும் தாக்கும்.

2. பூட்டு வளையத்தையும் இடது கிண்ணத்தையும் கழற்றி, அச்சையும் குண்டுகளையும் வெளியே எடுக்க வேண்டும். வலது கிண்ணத்தில் குழி இல்லையெனில் அதனைக் கழற்றத் தேவையில்லை.

3. அனைத்தையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துப் பார்க்க வேண்டும். நகத்தில் தட்டுப்படும் குழியுள்ள உறுப்பை மாற்ற வேண்டும். குண்டுகளை எப்போதும் மொத்தமாகவே மாற்ற வேண்டும். புதியதையும் தேய்ந்ததையும் கலந்தால் பெரிய குண்டுகளே சுமை முழுவதையும் தாங்கும்.

4. கிண்ணங்களில் கிரீஸ் தடவிக் குண்டுகளைப் பதிக்க வேண்டும். அச்சின் நீண்ட பக்கம் சங்கிலிச் சக்கரம் உள்ள வலப்புறம் வர வேண்டும்.

5. அச்சு தடையின்றிச் சுழலவும், ஆட்டம் இல்லாமலும் இருக்கும் நிலையில் இடது கிண்ணத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு பூட்டு வளையத்தை இறுக்க வேண்டும்.

6. புதிய காட்டர்களை அடித்து இறுக்கிய பின்னரே நட்டைப் பூட்ட வேண்டும். நட்டைத் திருகி ஆப்பை இழுத்தால் அதன் மரை அறும். வலது கிராங்கு முன்னோக்கி நிற்கும்போது அதன் காட்டர் நட்டு மேல்புறம் இருந்தால், இடது கிராங்கு முன்னோக்கி நிற்கும்போதும் அவ்வாறே இருக்க வேண்டும். தவறினால் கிராங்குகள் ஒரே நேர்கோட்டில் அமையா.

சிறிது தொலைவு ஓட்டிய பின்னர் காட்டர்களை மீண்டும் ஒருமுறை அடித்து இறுக்குவது வழக்கம்.

தற்கால வடிவம்

பிற்கால மிதிவண்டிகள் பலவற்றில் அச்சும் தாங்கிகளும் ஒரே மூடிய உருளையாக அமைக்கப்படுகின்றன. நீர் எளிதில் புகாது என்பது இவற்றின் நன்மை. ஆனால் தேய்ந்தால் பொதுவாக முழு உருளையையும் மாற்ற வேண்டும். பழைய வகையிலோ பெரும்பாலும் 22 குண்டுகளும் சிறிது கிரீசுமே போதுமானவை.