ஐந்தாம் முகம் எங்கே போயிற்று?

கணினியில் முப்பரிமாண உருக்களை வடிவமைப்போரை நெடுங்காலம் அலைக்கழித்த ஒரு குறையை, 2024 நவம்பரில் வெளியான ஃப்ரீகேட் 1.0 என்னும் இலவச மென்பொருள் பெருமளவு தணித்தது. இதைக் கொண்டு புதிய மாணவருக்கு ஒழுங்கான வரைமுறையைக் கற்பிக்கத் தேவையில்லை என்று கருதுவது தவறு; அக்குறை பிறக்கும் விதத்தை அறிந்தவரே நம்பத்தகுந்த உருவை ஆக்க முடியும். இலங்கையில் 2013இல் உயர்தரத்துக்குத் தொழினுட்பப் பிரிவு வந்தபின், இது றொசல்ல, ஹட்டன் பக்கத்து மாணவருக்கும் உரிய விடயமாகிவிட்டது.

கோடுகளுக்கிடையே நிபந்தனை விதிக்கலாம் என்பதை ஐவன் சதர்லாந்து 1963இலேயே ஸ்கெட்ச்பேட் என்னும் நிரல் வழியாகக் காட்டினார். ஓர் அளவை மாற்றினால் முழு உருவும் தன்னை மீளக் கட்டிக்கொள்ளும் முறையை, 1980களின் பிற்பகுதியில் வந்த புரோ இன்ஜினியர் என்னும் மென்பொருள் தொழிற்சாலைகளுக்குக் கொண்டுசென்றது. வரலாறு இவ்வளவு போதும்.

வியப்பும் விபத்தும் அந்த மீள்கட்டலில்தான் உள்ளன. கொழுந்து அரைக்கும் ரோலரின் பெயரிங் தாங்கியை ஒரு மாணவர் வரைந்து, அடிக்கட்டையின் மேல்முகத்தில் போல்ட் துளை இடுகிறார் எனக் கொள்வோம். மென்பொருள் இச்செயல்களை வரிசையாக நினைவில் வைத்து, அளவு மாறும்போதெல்லாம் அவற்றை மீண்டும் செய்கிறது. ஆனால் துளைக்குரிய இடம் எது என்பதற்கு ஃப்ரீகேட்டின் பழைய பதிப்புகள் வைத்திருந்த குறிப்பு ‘ஐந்தாம் முகம்’ என்ற எண் மட்டுமே; முதலில் சொன்ன குறை பிறப்பது இங்கேதான். ஒரு லயத்தின் ஐந்தாம் காம்பராவுக்குப் பெயரின்றி எண் மட்டும் எழுதிய கடிதம், இரண்டாம் காம்பராவைச் சுவர் வைத்துப் பிரித்த மறுநாளே பக்கத்துக் குடும்பத்துக்குப் போய்விடும். கடைசி இரண்டு காம்பராக்களை ஒன்றாக்கினால், கடைசி எண்ணுக்கு வரும் கடிதத்துக்குப் போகுமிடமே இராது. லயத்தின் தொங்கலில் உள்ள பீலியிலிருந்து இத்தனை அடி என்று எழுதியிருந்தால், எத்தனை சுவர் எழும்பினாலும் கடிதம் தவறாது. உருவில் அந்தப் பீலியாக நிற்பவை, எந்தத் திருத்தத்திலும் அசையாத மூன்று ஆதாரத் தளங்கள். துளையை அவற்றோடு பிணைத்தல் மாணவர் பழக வேண்டிய முதற்பாடம். விளிம்புகளை உருட்டும் வேலை, பழைய விளிம்புகளை அழித்துப் புதிய முகங்களைப் பிறப்பிப்பதால், இறுதிவரை காத்திருக்க வேண்டும்.

தள வரைபைத் தளர்வின்றிக் கட்டுதல் அடுத்தது. ஒரு செவ்வகத்தின் நான்கு மூலைகளும் சேர்ந்து எட்டு வழிகளில் நகரக்கூடியவை. இரு பக்கங்களைக் கிடையாகவும் இரு பக்கங்களை நிலைக்குத்தாகவும் நிறுத்தினால் நான்கு வழிகள் அடைபடும், நீளமும் அகலமும் இரண்டை அடைக்கும், ஒரு மூலையை ஆதிப்புள்ளியில் வைத்தால் எஞ்சிய இரண்டும் முடியும். ஒன்று விடுபட்டாலும், திரையில் செம்மையாகத் தோன்றும் உரு, பின்னொரு திருத்தத்தில் எதிர்பாராத பக்கம் இழுபடலாம்.

ஆகவே படத்தின் அழகைப் பார்த்துப் புள்ளியிடுவது பயனற்றது. ஒரு மாணவரின் உருவை மற்றொருவரிடம் கொடுத்து, தாங்கியின் அகலத்தைக் கூட்டச் சொல்லி, துளைகள் உரிய இடத்தில் நிற்கின்றனவா என்று பார்ப்பதே சரியான சோதனை. எழுத்தில் கேட்டால் உருவைத் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளின் விளம்பரங்களையும், ஒரு வாரத்தில் தேர்ச்சி என்னும் வகுப்புகளின் வாக்குறுதிகளையும் இதே சோதனைக்கு உட்படுத்தாமல் ஆசிரியர்கள் ஏற்கலாகாது.