லீ கவுன்டியின் பொது நிலம்

பயிர்க்கடன் பருவத்தோடு கூடிய பண்டம் என்பதை நம் குடியானவர்களுக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. விதைக்கும் நாளில் கைக்கு வராத பணம், அறுவடைக்குப் பின் இருமடங்காக வந்தாலும் பயன்படுவதில்லை. அப்பணத்தை யாருக்கு, எப்பொழுது அளிப்பது என்று தீர்மானிக்கும் பொறுப்பு உள்ளூர்க் கமிட்டி ஒன்றிடம் இருக்குமானால், அக்கமிட்டியில் அமர்ந்திருப்பவர் யார் என்பதும் மழையைப் போலவே விளைச்சலை நிர்ணயிக்கும் காரணமாகி விடுகிறது. இதனை விளக்கும் பொருட்டு, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியிலுள்ள ஜார்ஜியா மாநிலத்தில் கறுப்பின மக்களின் தலைவர்கள் சிலர் மேற்கொண்ட நிலப் பணியின் வரலாற்றை இங்கு கூற விரும்புகிறோம். அவ்வரலாற்றில் நம் நாட்டுக் கிராமதான இயக்கத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்பது வாசகர்களில் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம்.

தென்மேற்கு ஜார்ஜியா பருத்தியும் நிலக்கடலையும் விளையும் பூமி. 1865-ல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்த பின்னரும், விடுதலை பெற்ற மக்களில் பெரும்பாலோருக்கு நிலம் கிடைக்கவில்லை. வெள்ளையரான நிலச்சுவான்தார்களின் வயலில் வாரத்துக்கு உழுது, விதைக்கும் உணவுக்கும் அவர்களிடமே கடன்பட்டு, ஆண்டு முடிவில் கணக்குப் பார்க்கும்போது வெறுங்கையுடன் திரும்புவதே வழக்கமாயிற்று. ஆயினும் அரும்பாடுபட்டுச் சொந்த நிலம் சேர்த்தவர்களும் இருந்தனர். சொந்த நிலத்திலும் குத்தகை, வார நிலங்களிலுமாக 1920-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்நாடு முழுவதும் சுமார் 9 லட்சத்து 25 ஆயிரம் கறுப்பினக் குடியானவர்கள் பண்ணை நடத்தி வந்தனர். 1982-ல் அத்தொகை சுமார் 33 ஆயிரமாகக் குறைந்து விட்டது. இயந்திரங்கள் வந்ததும், மக்கள் நகரங்களை நாடிச் சென்றதும் இதற்குக் காரணங்களே. ஆனால் அவை மட்டுமே காரணங்கள் அல்ல.

1961-ல் சார்லஸ் ஷெராட் என்னும் இளைஞர் ஆல்பனி நகருக்கு வந்து சேர்ந்தார். கறுப்பின மக்களை வாக்காளர் ஜாபிதாவில் பதியச் செய்வது அவருடைய வேலை. அவ்வாறு பதிந்து கொண்ட வாரக் குடியானவர்கள் பலர் குடியிருந்த வீட்டினின்றும் உழுத நிலத்தினின்றும் வெளியேற்றப்பட்டார்கள். வாக்குரிமை கேட்டதற்குத் தண்டனை வீடிழப்பு! நிலம் பிறர் கையில் இருக்கும் வரையில் வாக்குச் சீட்டும் பிறர் கையில் இருப்பது போன்றதே என்பதை அப்பகுதித் தலைவர்கள் இவ்வனுபவத்தால் உணர்ந்தார்கள். ஷெராட்டைப் பின்னர் மணந்த ஷெர்லி மில்லர் அம்மையாரின் தந்தை, அருகிலுள்ள பேக்கர் கவுன்டியில் சொந்த நிலம் வைத்திருந்த குடியானவர். 1965-ல் அவர் அண்டை நிலத்து வெள்ளையர் ஒருவரால் சுட்டுக் கொல்லப்பட்டார். வெள்ளையர்களை மட்டுமே கொண்ட ஜூரி, கொன்றவர் மீது வழக்குத் தொடரவே இசையவில்லை. அப்போது பதினேழு வயதினரான ஷெர்லி, ஊரை விட்டு வடக்கே சென்று பிழைக்கும் எண்ணத்தைக் கைவிட்டு, அங்கேயே தங்கி நிலைமையை மாற்றுவதென்று உறுதி கொண்டார்.

இனி, யோசனை பிறந்த வகையைக் காண்போம். ஆல்பனி இயக்கத்தின் தலைவர்களுள் ஒருவரான ஸ்லேட்டர் கிங், வீடு நில வியாபாரத்தில் தேர்ந்தவர். அவருடன் சேர்ந்து உழைத்த ராபர்ட் ஸ்வான் என்பவர் வெள்ளையர். காந்தியடிகளின் கொள்கைகளில் பற்றுடையவர். 1951-ல் தெலுங்கானாவில் போச்சம்பள்ளியில் தொடங்கிய பூதானமும், அதிலிருந்து கிளைத்த கிராமதானமும் ஸ்வானின் கருத்தைக் கவர்ந்தன. தானமாகக் கிடைத்த நிலம் தனித்தனி ஏழைகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டால், கடனுக்காக மீண்டும் கை மாறிப் போகக்கூடும். கிராமமே உடைமையாளராக இருந்து, குடும்பங்கள் அனுபவித்து வந்தால் அது போகாது. கிராமதானத்தின் இந்த நுட்பத்தையே அவர்கள் பற்றிக் கொண்டார்கள். 1968-ல் ஒரு குழுவினர் இஸ்ரேல் நாட்டுக்கும் சென்று, பொது நிலத்தை நெடுங்காலக் குத்தகைக்குப் பெற்று அங்குள்ள குடியேற்றக் கிராமங்கள் நடைபெறும் முறையை நேரில் கண்டு வந்தனர்.

1969-ல் 'நியூ கம்யூனிட்டீஸ்' என்னும் ஸ்தாபனம் பதிவு செய்யப்பட்டது. லீ கவுன்டியில் சுமார் 5,700 ஏக்கர் வாங்கப்பட்டது. (கவுன்டி என்பதை நம் தாலுகா போன்ற ஒரு பிரிவாகக் கொள்ளலாம்.) அந்நாளில் அமெரிக்காவில் கறுப்பின மக்கள் கையிலிருந்த ஒரே தொகுதியான நிலங்களுள் இதுவே பெரியது என்பர். நிலத்துக்கு ஸ்தாபனமே தர்மகர்த்தா, அதை விற்பதற்கில்லை. குடும்பங்கள் நெடுங்காலக் குத்தகையில் மனையும் வயலும் பெறும். கட்டும் வீடு அவரவர் சொந்தம். பெரும் பகுதி நிலத்தைக் கூட்டுறவாகப் பயிரிடுவது. திட்டம் இதுவே. ஸ்லேட்டர் கிங் அதே ஆண்டில் மோட்டார் விபத்தில் காலமானது அவர்களுக்கு நேர்ந்த முதல் இழப்பு.

இரண்டாவது இழப்பு பணத்தில் நேர்ந்தது. திட்டம் தீட்டுவதற்கு மத்திய சர்க்கார் மானியம் அளித்திருந்தது. வீடுகளும் சாலைகளும் அமைப்பதற்கான பெருந்தொகையும் தொடர்ந்து வரும் என்று நம்பியே நிலத்தைக் கடனுக்கு வாங்கினார்கள். ஜார்ஜியாவின் அன்றைய கவர்னர் லெஸ்டர் மாடாக்ஸ் எதிர்த்தமையால் அத்தொகை வரவில்லை. கைக்கு வராத மானியத்தை நம்பிப் பத்து லட்சம் டாலருக்கு மேல் கடன் தலையில் ஏற்றிக் கொண்டது விவேகமா என்று கேட்கலாம். எமக்கும் அவ்வையம் உண்டு. ஆயினும் அவ்வளவு பெரிய நிலத்தைக் கறுப்பின மக்களுக்கு விற்க முன்வருபவர் அப்பகுதியில் அடிக்கடி கிடைத்திருக்க மாட்டார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வீடுகள் எழும்பாவிட்டாலும் பண்ணை நடந்தது. சோளம், நிலக்கடலை, சோயா மொச்சை, தர்ப்பூசணி, கரும்பு ஆகியவற்றைப் பயிரிட்டார்கள். அப்பகுதிக்கே உரிய திராட்சைக் கொடிகளை நட்டார்கள். பன்றி வளர்த்து, இறைச்சியைப் புகையிட்டுப் பதம் செய்து, காய்கனிகளோடு நெடுஞ்சாலை ஓரத்தில் கடை வைத்து விற்றார்கள். குழந்தைகளுக்குப் பகல் காப்பகம் அமைத்தார்கள். ஆண்டுதோறும் நிலக்கடனுக்குரிய தவணையை இவ்வருவாய்களிலிருந்தே திரட்ட வேண்டியிருந்தது. இதற்கிடையே இரவு நேரங்களில் அவர்களுடைய கட்டடங்களின் மீது துப்பாக்கிக் குண்டுகள் பாய்ந்ததும் உண்டு. பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் அவர்கள் அங்கு நிலைத்து நின்றமைக்கு, நாள் தவறாது கூடிப் பேசி வேலையைப் பகிர்ந்து கொண்ட வழக்கமே காரணம் என்று நாம் கருதுகிறோம்.

எழுபதுகளின் பிற்பகுதியில் தொடங்கி மழை பல ஆண்டுகள் பொய்த்தது. அண்டை நிலத்து வெள்ளையர்கள் சர்க்கார் கடன் பெற்று நீர்ப்பாசனச் சாதனங்களை அமைத்துக் கொண்டனர். நியூ கம்யூனிட்டீஸாரும் அதே இலாகாவை நாடினர். 'பார்மர்ஸ் ஹோம் அட்மினிஸ்ட்ரேஷன்' என்பது அதன் பெயர். பிற இடத்தில் கடன் கிடைக்காத குடியானவர்களுக்கு உதவுவதற்கென்றே ஏற்பட்ட இலாகா அது. வாஷிங்டனிலிருந்து உயர் அதிகாரிகள் தலையிட்ட பிறகே, சுமார் மூன்று ஆண்டுகள் கழித்து, கடன் கிடைத்தது. அதற்கும் நிலம் முழுவதையும் ஈடாக எழுதி வைக்க நேர்ந்தது. அதற்குள் பயிர்கள் பல கருகி விட்டன. 1985-ல் நிலம் கடனுக்காகப் பறி போயிற்று.

இதைத் தனியொரு அதிகாரியின் குணக்கேடு என்று சொல்லி விட்டுவிட நாம் விரும்பவில்லை. அமெரிக்காவில் விவசாய உதவிகள் கவுன்டி தோறும் உள்ள சிறு கமிட்டிகளின் வழியே சென்றன. உள்ளூரை அறிந்தவர்களே உள்ளூர்க் காரியத்தைத் தீர்மானிக்க வேண்டும் என்னும் நல்ல கொள்கையின்படியே, அங்குள்ள விவசாயிகள் வாக்களித்து அங்கத்தினர்களைத் தேர்ந்தெடுத்தனர். பஞ்சாயத்துத் தத்துவமும் அதுவேயன்றோ? ஆனால் பின்னர் ஒரு நீதிமன்றத் தீர்ப்பில் எடுத்துக்காட்டப்பட்ட கணக்கைப் பாருங்கள்: தென்கிழக்கு மாநிலங்களில் 2,469 கமிட்டி அங்கத்தினர்களுள் கறுப்பினத்தவர் 28 பேரே. சில மாநிலங்களில் கறுப்பினக் குடியானவரின் மனு முடிவடைய, வெள்ளையரின் மனுவுக்கு ஆகும் காலத்தைப் போல் சராசரி மூன்று மடங்கு ஆயிற்று. மனுவை நிராகரிக்க வேண்டுமென்பதே இல்லை. விதைப்பு முடியும் வரை மேஜையில் வைத்திருந்தாலே போதும். விண்ணப்ப நாளையும் முடிவு நாளையும் அருகருகே எழுதிய ஒரு பதிவேடு இல்லாத இடத்தில், இத்தகைய பாரபட்சத்தை நிரூபிப்பது மிகவும் கடினம். புகார்களை விசாரிக்க விவசாய இலாகாவிலேயே ஒரு பிரிவு இருந்தது. 1983-ல் அதுவும் கலைக்கப்பட்டது. அதன் பின் வந்த புகார்கள் ஆண்டுக் கணக்கில் கேட்பாரற்றுக் கிடந்தன.

மேற்சொன்ன தீர்ப்பு, வட கரோலினாவைச் சேர்ந்த டிமதி பிக்ஃபோர்ட் என்னும் விவசாயியும் மற்றவர்களும் 1997-ல் விவசாய இலாகாவின் மேல் தொடுத்த வழக்கில் பிறந்தது. பழைய புகார்கள் காலாவதி ஆகிவிட்டன என்ற ஆட்சேபத்தை நீக்க, 1998-ல் அமெரிக்கக் காங்கிரஸ் தனிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. 1999-ல் சமரச உடன்பாட்டுக்கு நீதிபதி பால் ஃப்ரீட்மன் ஒப்புதல் அளித்தார். பல்லாயிரம் பேர் தலைக்கு 50 ஆயிரம் டாலர் பெற்றனர். நியூ கம்யூனிட்டீஸின் கோரிக்கையோ தனியே விசாரிக்கப்பட்டு, முதலில் தள்ளப்பட்டு, மறு பரிசீலனைக்குப் பின் 2009-ல் ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் டாலர் அளிக்கத் தீர்ப்பாயிற்று. நிலம் போய் இருபத்து நான்கு ஆண்டுகள் கழிந்திருந்தன.

அதே 2009-ல் ஷெர்லி ஷெராட் அம்மையார், எந்த இலாகாவால் தம் நிலத்தை இழந்தாரோ அதே விவசாய இலாகாவின் ஜார்ஜியா கிராம வளர்ச்சி டைரக்டராக நியமிக்கப்பட்டார். மறு ஆண்டில், அவர் பேச்சின் ஒரு துணுக்கை மட்டும் வெட்டி எடுத்துப் பரப்பிய படத்தை நம்பி, அவரை ராஜிநாமா செய்யும்படி மேலிடம் வற்புறுத்தியது. முழுப் பேச்சு வெளிவந்ததும் மன்னிப்புக் கோரி வேறு பதவி அளிக்க முன்வந்தனர். அவர் ஏற்கவில்லை, ஊர்ப் பணிக்கே திரும்பினார்.

நஷ்ட ஈட்டுத் தொகையைக் கொண்டு 2011-ல் ஆல்பனிக்கு அருகே 1,638 ஏக்கர் பண்ணை ஒன்றை வாங்கினார்கள். ஒரு காலத்தில் அது அடிமைகளைக் கொண்டு பயிரிடப்பட்ட பெரும் தோட்டம். அதற்கு 'ரெசோரா' என்று புதுப் பெயர் இட்டனர். இழந்த நிலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான பரப்பே அது; எனினும் இம்முறை நிலத்தின் மேல் கடன் இல்லை. அங்கே பீக்கான் என்னும் கொட்டை மரத் தோப்பு உண்டு. கறுப்பினத்தவரும் வெள்ளையருமான விவசாயிகளுக்குப் பயிற்சி வகுப்புகளும் நடைபெறுகின்றன. சார்லஸ் ஷெராட் 2022-ல் காலமானார். லீ கவுன்டியில் முதன்முதல் வகுத்த நிலத் தர்மகர்த்தா முறையைப் பின்பற்றி, இப்போது அமெரிக்காவில் இருநூறுக்கு மேற்பட்ட ஸ்தாபனங்கள் இயங்கி வருகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை நகரங்களில் ஏழைகளுக்கு வீட்டுமனை காத்து வைப்பவை. ரெசோராவில் அடிமைகளின் எஜமானர் வாழ்ந்த பழைய மாளிகையின் கூடத்தில் இரு இனத்தாரும் ஒன்றாக அமர்ந்து கூட்டம் நடத்துகிறார்கள்.