சுங்க வரியால் யாருக்கு நன்மை?

குன்னத்துகால், பாறசாலைப் பக்கம் ரப்பர் மரங்கள் உண்டு. எல்லை தாண்டினால் குமரி மாவட்டத்திலும் உண்டு. விடியும் முன்பே பால் வெட்டுகிறார்கள். சிரட்டையில் பால் சேர்கிறது. அதை உறைய வைத்து ஷீட் அடிக்கிறார்கள். ஷீட் விற்ற பணத்தில்தான் அரிசி வாங்க வேண்டும். பிள்ளைகளின் படிப்புச் செலவும் அதில்தான்.

அந்த ஷீட்டுக்கு விலை வைப்பது யார்? நம் ஊர்க் கடைக்காரர் மட்டும் அல்ல. தாய்லாந்து, இந்தோனேசியா, வியட்நாம் நாடுகளிலும் ரப்பர் விளைகிறது. அது கப்பலில் இங்கே வருகிறது.

சுங்க வரி என்றால் என்ன?

வெளிநாட்டுச் சரக்கு துறைமுகத்தில் இறங்கும்போது மத்திய அரசு வரி வாங்குகிறது. அதுவே சுங்க வரி. ரப்பர் ஷீட்டுக்கு 2015 முதல் வரி 25 சதவீதம் அல்லது கிலோவுக்கு 30 ரூபாய். இரண்டில் எது குறைவோ அதுதான் வரி.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வெளிநாட்டு ரப்பர் கிலோ 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் 25 சதவீதம் 50 ரூபாய். 30 ரூபாய் அதைவிடக் குறைவு. ஆகவே வரி 30 ரூபாய். இப்போது அதன் விலை 230 ரூபாய்.

இதனால் டயர் கம்பெனிகள் உள்ளூர் ரப்பரையும் தேடி வாங்கும். விவசாயிக்கு நல்ல விலை கிடைக்கும். பால் வெட்டுபவருக்கு வேலை நிலைக்கும். ஆனால் டயர் செய்யும் செலவு கூடும். ஆட்டோ ஓட்டுபவரும் செருப்பு வாங்குபவரும் கூடுதல் விலை கொடுக்க நேரும். ரப்பர் விவசாயியும் செருப்பு வாங்குகிறார் அல்லவா?

கூட்டிலிருந்து விலகிய இந்தியா

இந்தியாவும் சேர்ந்து 16 நாடுகள் ஒரு வணிகக் கூட்டுக்காகப் பேசி வந்தன. அதன் பெயர் ஆர்.சி.இ.பி. சேர்ந்த நாடுகள் தங்களுக்குள் வரியைக் குறைக்க வேண்டும். ரப்பர் விவசாயிகளும் மாடு வளர்ப்பவர்களும் அஞ்சினார்கள். 2019 நவம்பர் 4 அன்று பாங்காக் நகரில் இந்தியா விலகிக்கொண்டது. மற்ற 15 நாடுகள் 2020இல் கையெழுத்திட்டன.

வரி மட்டும் போதுமா?

2011இல் ரப்பர் கிலோ 240 ரூபாய் வரை விற்றது. 2016இல் 100 ரூபாய்க்கும் கீழே போனது. இத்தனைக்கும் 2015இல்தான் வரி 20 சதவீதத்திலிருந்து 25 ஆக உயர்ந்திருந்தது. உலகச் சந்தையில் விலை விழுந்தது. இங்கும் விழுந்தது. பல தோட்டங்களில் பால் வெட்டு நின்றது. 2024 ஆகஸ்டில் விலை மறுபடியும் 240 ரூபாயைத் தாண்டியது.

இன்னொன்றும் உண்டு. 2023-24இல் நம் நாட்டில் விளைந்த ரப்பர் சுமார் 8.5 லட்சம் டன். தேவைப்பட்டது சுமார் 14 லட்சம் டன். ஆகவே இறக்குமதியை அடியோடு நிறுத்த முடியாது.

கேரள அரசு 2015இல் வேறு வழி கண்டது. கிலோவுக்கு 150 ரூபாய் என்று ஆதரவு விலை வைத்தது. சந்தை விலை அதற்குக் கீழே போனால், குறைவதைச் சிறு விவசாயிக்கு அரசே கொடுத்தது. பின்னர் அந்த விலை உயர்த்தப்பட்டது. இதில் டயர் விலை ஏறாது. ஆனால் பணம் அரசின் கஜானாவிலிருந்து போக வேண்டும். கஜானாவில் இருப்பதும் மக்கள் பணமே.

வரி வைத்தாலும் எடுத்தாலும் ஒருவருக்கு வரவு, ஒருவருக்குச் செலவு. அது யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நம் உரிமை.

கூடிப் பேசுவோம்

1. வெளிநாட்டு ரப்பர் கிலோ 100 ரூபாய் என்றால் வரி எவ்வளவு?
2. உங்கள் வீட்டில் ரப்பரால் செய்த பொருள்கள் எவை?
3. சுங்க வரி, ஆதரவு விலை, இரண்டில் எது நல்லது? ஏன்?