ஆழ்கடலின் பெயரற்ற பிரஜைகள்

சமுத்திரத்தின் அடித்தளத்தைத் தோண்டி உலோகம் எடுக்க உலகத்து வல்லரசுகளும் பெரிய கம்பெனிகளும் ஆயத்தமாகி வருகின்றன. ஒரு வீட்டை இடிக்க உத்தரவு கேட்டு வருபவனிடம் நியாயஸ்தலம் முதலில் விசாரிப்பது, அதில் குடியிருப்போர் யாவர், அவர்களுக்கு நோட்டீஸ் கொடுக்கப்பட்டதா என்பதே. ஆழ்கடல் விஷயத்தில் இக்கேள்விக்கு விடையில்லை. அங்கே குடியிருப்போரில் பெரும்பாலோருக்கு இன்னும் பெயரே இடப்படவில்லை.

பஸிபிக் மஹாசமுத்திரத்தில் ஹவாய்த் தீவுகளுக்கும் மெக்ஸிகோவுக்கும் இடையே கிளாரியன்-கிளிப்பர்ட்டன் என்னும் பிரதேசம் சுமார் 60 லட்சம் சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கிறது. மாங்கனீஸ், நிக்கல், செம்பு, கோபால்ட் அடங்கிய கட்டிகள் உருளைக்கிழங்குகளைக் கொட்டி வைத்தாற்போல் அதன் சேற்றின்மீது இறைந்துள்ளன. அங்கு கிடைத்த ஜீவராசிகளை விஞ்ஞானிகள் 2023-இல் கணக்கெடுத்தனர். மொத்தம் 5,578 இனங்கள். அவற்றுள் பெயர் பெற்றவை 436 மட்டுமே. இந்த ஜனத்தொகையில் முதலிடம் பெறுவன, இறாலும் நண்டும் சேர்ந்த பெருங்குலத்தைச் சார்ந்த சிறு ஜந்துக்களே.

பெயரிடுவது எளிய காரியம் என்று நேயர்கள் எண்ணிவிடலாகாது. இரை வைத்த கூண்டுகளைப் பல ஆயிரம் மீட்டர் ஆழத்துக்கு இறக்கி ஜந்துக்களைப் பிடித்துச் சாராயத்தில் பதனம் செய்கிறார்கள். பிறகு பூதக்கண்ணாடியின் கீழ் ஒவ்வொரு காலையும், வாயுறுப்பையும், ரோமத்தையும் பிரித்துப் பார்த்துச் சித்திரம் வரைகிறார்கள், முன்னோர் எழுதிய வர்ணனைகளோடு ஒப்பிடுகிறார்கள், மரபணுவையும் சோதிக்கிறார்கள். முடிவில் ஒரு மாதிரி உடலைக் காட்சிச்சாலையில் ஒப்படைத்து, லத்தீன் முறைப்படி பெயரைப் பிரசுரம் செய்கிறார்கள். அந்த மாதிரியே அவ்வினத்துக்கு மூலப் பத்திரம் போன்றது. பின்னாளில் தகராறு வந்தால் அதைக் கொண்டே தீர்க்க வேண்டும்.

இவ்வாறு பதிவு பெற்ற இரு ஜந்துக்களைக் கூறுவோம். 2023-இல் தென் அமெரிக்காவின் மேற்குக் கரையை அடுத்த அட்டகாமா அகழியில், 7,902 மீட்டர் ஆழத்தில், சுமார் நான்கு சென்டிமீட்டர் நீளமுள்ள வெண்ணிற ஜந்து ஒன்று அகப்பட்டது. தன்னினும் சிறிய ஜந்துக்களைப் பற்றி உண்ணும் வேட்டைக்காரன் அது. 2024-இல் அதற்கு டல்ஸிபெல்லா கமன்சாகா என்று பெயரிட்டார்கள். ஆண்டீஸ் மலைநாட்டு மொழிகளில் கமன்சாகா என்றால் இருள்.

மற்றது மரியானா அகழியில், 6,000 மீட்டருக்கும் கீழே, 2014-இல் பிடிபட்டது. அதன் குடலைச் சோதித்தபோது, தண்ணீர்ப் புட்டிகள் செய்ய உதவும் பிளாஸ்டிக்கின் நுண்ணிய இழை ஒன்று வெளிப்பட்டது. ஆகவே 2020-இல் அதற்கு யூரிதெனீஸ் பிளாஸ்டிகஸ் என்றே நாமகரணம் செய்தார்கள். மனிதன் அந்த ஜந்துவை அறியுமுன்னரே மனிதனுடைய குப்பை அதன் வயிற்றை அடைந்துவிட்டது!

உலோகம் வேண்டாமா, மின்சார வண்டிகளுக்கும் பாட்டரிகளுக்கும் கோபால்ட் எங்கிருந்து வரும் என்று சிலர் கேட்கிறார்கள். அக்கேள்வியை நாம் அலட்சியம் செய்யவில்லை. எனினும், பத்து லட்சம் வருஷங்களில் சில மில்லிமீட்டரே வளரும் கட்டியை ஒருமுறை பெயர்த்தெடுத்தால், அதில் ஒட்டி வாழும் பிராணிக்கு வேறு புகலிடம் ஏது? 1979-இல் கிளாரியன்-கிளிப்பர்ட்டன் தரையில் பரீட்சார்த்தமாக ஓட்டிய யந்திரத்தின் சுவடு, நாற்பத்து நான்கு வருஷங்களுக்குப் பிறகு பார்த்தபோதும் அழியாதிருந்தது. சில உயிர்கள் திரும்பி வந்தன என்பது மெய்யே. ஆயினும் முன் இருந்தவை யாவை என்ற ஜாபிதா இல்லாதபோது, திரும்பாதவை யாவை என்று எவர் சொல்ல முடியும்?

1982-ஆம் வருஷத்து சமுத்திரச் சட்ட உடன்படிக்கை, எந்த தேசத்தின் எல்லைக்கும் உட்படாத கடலடியின் செல்வத்தை மனித குலம் முழுமைக்கும் பொதுச் சொத்து என்று பிரகடனம் செய்தது. பொதுச் சொத்தில் கைவைக்குமுன் ஆஸ்தி விவரம் எழுதுவது எந்த தர்மகர்த்தாவுக்கும் முதற் கடமையாகும்.

இவ்விஷயம் நமக்குப் புறம்பானதன்று. மத்திய இந்து மஹாசமுத்திரத்தில் இத்தகைய கட்டிகளை ஆராயும் உரிமையை இந்திய சர்க்கார் 2002-இல் ஒப்பந்தத்தின் மூலம் பெற்றது. 2021-இல் ஆழ்கடல் திட்டத்துக்கும் அங்கீகாரம் அளித்தது. அதற்கான யந்திர முயற்சிகள் சென்னையிலுள்ள தேசிய சமுத்திர தொழில்நுட்ப ஸ்தாபனத்தில் நடைபெறுகின்றன. இதில் நமக்குப் பெருமை உண்டு. ஆயினும் கடலடிக்கு இறங்கும் யந்திரத்துக்குக் கிடைக்கும் மதிப்பு, பூதக்கண்ணாடியின்மீது வருஷக்கணக்காகக் குனிந்திருக்கும் உயிரினப் பகுப்பாளனுக்கும் கிடைக்க வேண்டும். நமது சர்வகலாசாலைகள் இச்சாஸ்திரத்தில் வாலிபர்களைப் பயிற்ற வேண்டும். சர்க்கார் அவர்களுக்கு நிலையான உத்தியோகம் அளிக்க வேண்டும். எந்தக் கடற்பரப்பின் ஜீவராசிகள் பெயரிட்டுப் பதிவு செய்யப்படவில்லையோ, அங்கே தோண்டுவதற்கு உத்தரவு தரலாகாது என்ற விதியை சர்வதேச சபையில் இந்தியாவே முன்மொழிய வேண்டுமென்று நாம் வற்புறுத்துகிறோம்.